முதலில் யார் குனிவது

மதினி,

பேத்தியின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கால் கழுவி, சாமி விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தால் உடம்பு உட்காருகிறது, மனசு உட்காரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கே.கே. நகரில் இப்போது பள்ளிக்கூட விழா என்றால் கல்யாண மண்டபம் தோற்றுப் போகும். மேடை நிறையக் கலர் விளக்கு. பேத்தி வகுப்புப் பிள்ளைகள் பின்னல் கோலாட்டம் ஆடினார்கள். மேலே ஒரு வளையம், அதில் பளபளவென்று நைலான் கயிறுகள், ஆளுக்கொன்று கையில். சுற்றிச் சுற்றி வர, கயிறெல்லாம் உச்சியிலிருந்து சடை மாதிரி பின்னிக்கொண்டே இறங்கியது. ஜனம் கைதட்டியது. உடனே திரையை இழுத்துவிட்டார்கள்.

அவிழ்க்கவில்லை மதினி. பின்னினதோடு சரி. பக்கத்தில் நின்ற டீச்சரிடம், எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்டேன். நேரமில்லை, அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்றார். பின்னின கயிற்றை வளையத்தோடு சுருட்டி ஓர் அட்டைப் பெட்டியில் திணித்ததை என் கண்ணால் பார்த்தேன். "பின்னுறதுக்கு யாரு வேணாலும் வருவாங்க புள்ள, அவுக்கத்தான் ஆளு வேணும்" என்று நீங்கள் சொல்வது காதுக்குள் கேட்டது. நீங்கள் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. குரல் மட்டும் போகவில்லை.

மழை பொய்த்த அந்த வருஷத்தை நினைத்துக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கம். செல்லூரில் அப்போது தண்ணீர் லாரி வந்து நிற்கிற முக்குத்தான் நமக்கு ஊர் நடு. இந்தப் பக்கம் நம் தெரு. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராகிய நீங்கள், அம்மன் கோயிலே கதியென்று கிடந்த நான், மூன்று வீடு தள்ளிச் சாயப்பட்டறை நூர்ஜஹான் என்று கலந்து கட்டின தெரு. அந்தப் பக்கம் செண்பகத்தின் தெரு. அங்கே எல்லாரும் ஒரே உறவுமுறை, வீட்டுக்கு வீடு தறி. நடுவில் இரண்டு ஆள் உரசாமல் போகமுடியாத ஒரு சந்து.

எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று கணக்கு வைத்தது நான். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள், பலசரக்கு மடித்து வந்த காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். இருந்தாலும் என் கணக்கை இரண்டு தெருவும் நம்பியது. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் கணக்கும் நிற்கவில்லை, நம்பிக்கையும் நிற்கவில்லை. லாரி பாதித் தண்ணீரோடு வந்தது. யார் குடம் முந்தி என்று ஆரம்பித்தது. அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், பவர்லூம் பட்டறையில் மராமத்து முடித்துக் கையில் ஸ்பேனரோடு வந்தவர், தள்ளுமுள்ளில் ஓங்கி அடித்துவிட்டார். செண்பகத்தின் புருஷனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தறிக்காரனுக்கு வலது கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

சண்டை தண்ணீருக்கு. பொழுது சாய்வதற்குள் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவன் சாதி என்றான், ஒருவன் மதம் என்றான். மறுநாள் விடிந்து பார்த்தால் சந்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. எந்தத் தெருக்காரர் போட்டது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு தெருப் பெண்களுக்கும் நீங்கள் நடத்தின தையல் வகுப்பில் பாதி மிஷின் ஆளில்லாமல் நின்றது.

அண்ணன் மேல் கேஸ் ஆகி, ஜாமீனில் வந்தார். உங்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவள் நான் என்பதால் இன்ஸ்பெக்டர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு தெருவுக்கும் பொதுவாக அடிகுழாய் இறக்குகிறார்கள். அதைத் திறக்கிற அன்று இரண்டு தெருவும் ஓரிடத்தில் கூடி, சத்தமில்லாமல் கலைந்தால் சமாதானம் பேச வழி உண்டு. அன்று ஒரு கல் விழுந்தாலும் ஜாமீனை ரத்து செய்ய எழுதிவிடுவேன், பிறகு என்னிடம் வந்து அழக்கூடாது என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்து என் அடுக்களையில் உட்கார்ந்தீர்கள். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் சொன்னீர்கள்: "உக்கார வச்சாப் பேசுவாங்க. பேசுனாக் கல்லு விழும். கோலாட்டம் ஆட விட்டுப் பாப்போம் புள்ள."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் ஜெயிலுக்குப் போவாரோ என்று இருக்கிறது, மதினிக்கு ஆட்டம் கேட்கிறதா என்றுதான் நினைத்தேன். நீங்கள் மறுநாளே ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டீர்கள். நூர்ஜஹான் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். முக்காடு நழுவாமல் ஆடுவேன், நழுவினால் நின்றுவிடுவேன், ஏனென்று யாரும் கேட்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. கயிறு திரிக்கத் தறியில் மிஞ்சின நூலைச் சேர்த்துத் தந்தால் சாயம் தன் வீட்டில் ஏற்றித் தருவதாகவும் சொன்னார்.

எதிர்த் தெருவுக்கு நீங்கள் முள்ளைத் தாண்டிப் போனீர்கள். சேலை கிழிந்தது. செண்பகம் வாசலில் நின்றாள். விளக்குமாற்றை எடுப்பாள் என்று பயந்து நான் சந்து முனையில் நின்று மீனாட்சியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். செண்பகம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கோலாட்டம் என்றால் சோறு வேண்டாம் அவளுக்கு என்பது நமக்கு அன்றுதான் தெரியும். நீங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆடுறது வேற, கேஸு வேற டீச்சர். ரெண்டையும் சேத்து முடிஞ்சீங்கன்னா நான் வரமாட்டேன்" என்றாள். அவளோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நம் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.

தையல் கொட்டகையில் வளையத்தைக் கட்டித் தொங்கவிட்ட முதல் நாளே ஆட்டம் நின்றது. நீங்களும் ஒரு தப்புச் செய்தீர்கள் மதினி. நம் தெரு நாலு பேரை வலமாகவும் அவர்கள் நாலு பேரை இடமாகவும் நிறுத்தினீர்கள். எதிரெதிரே வரும்போது ஒருத்தி கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, மற்றவள் அதன் அடியில் குனிந்து போகவேண்டும். அடுத்த ஆளிடம் அது மாறும். முன்பு குனிந்தவள் இப்போது தூக்குவாள். கணக்குப் பார்த்தால் சமம்தான். ஆனால் முதல் சுற்றில் ஒரு தெரு முழுக்க ஒரே நேரத்தில் இன்னொரு தெருவுக்குக் குனியவேண்டி வந்தது.

"அவங்க மொதல்ல குனியட்டும். அடிச்சது அவங்கதானே" என்றாள் அந்தப் பக்கத்து ஒருத்தி. குனியக் குனியக் குட்டுவார்கள் என்று நம் பக்கம் பதில் போனது. கயிறுகள் ஆளில்லாமல் தொங்கின. நூர்ஜஹான்தான், "எனக்கு இடுப்பு வலி. நான் யாருக்கும் குனியிறதில்ல. என் மாமியாரே கேட்டுப் பாத்துட்டாங்க" என்றார். இரண்டு பக்கமும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நீங்கள் ஆட்களைக் கலைத்து மாற்றி நிறுத்திவிட்டீர்கள். வலம் வருகிறவர்களில் இரண்டு பேர் இவர்கள், இரண்டு பேர் அவர்கள். இடம் வருகிறவர்களிலும் அப்படியே. முதல் குனிவில் செண்பகத்துக்கு எதிரே நீங்களே போய் நின்றீர்கள். அவளுக்குக் குனிகிறவளாக.

என் வீட்டுக்காரர் என்னை ஆட விடவில்லை. பாடினால் போதும் என்றார். அதனால் நடுவில் நின்று பாட்டும், யார் எத்தனை முறை குனிந்தாள் என்ற கணக்கும் என் பொறுப்பாகின. எந்தச் சாமி பெயரை வைத்துப் பாடினாலும் யாராவது ஒருத்தி வாயை மூடிக்கொள்வாள் என்பதால், சாமி பெயரே இல்லாமல் ஒரு பாட்டைக் கட்டினேன்.

ஊத்து வருது ஊத்து வருது உள்ளங்கை நனையட்டும்
பாத்து நட பாத்து நட பக்கத்தாளு குடம் நெறையட்டும்

அம்மன் பெயர் இல்லாமல் ஒரு பாட்டு எழுதிவிட்டோமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீரை நினைத்துப் பாடுகிற இடமெல்லாம் நீதான் தாயே என்று சன்னதியில் சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் சொன்னபோது, எங்கள் சாமிக்கும் தண்ணீர் உறவுதான் என்றீர்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் தினமும் சொல்வீர்கள். பின்னும்போது எந்த இடத்தில் யார் குனிந்தாளோ, அவிழ்க்கும்போது அதே இடத்தில் அவளேதான் குனிய வேண்டும். வேறு ஆள் குனிந்தால் முடிச்சு விழும். அப்புறம் கத்தரிதான். கயிற்றைக் கத்தரித்தால் ஆட்டம் அமங்கலம் என்று செண்பகம் சொன்னாள். அவள் ஊரில் அப்படி ஒரு பேச்சு உண்டாம். அதற்குப் பிறகு எட்டுப் பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆடினார்கள்.

திறப்புக்கு முதல் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து கோலாட்டக் கோல்களை எடுத்துப் போய்விட்டார். கம்பு, தடி எதுவும் பொது இடத்தில் கூடாது என்று உத்தரவாம். "கம்பு கம்புதாம்மா. மொழக் கம்பா சாண் கம்பான்னு ஆர்டர்ல போடல" என்றார். நான் தலையில் கை வைத்துவிட்டேன். செண்பகம் எழுந்து போய், ஒரு கூடை நிறையத் தார்க்குச்சி கொண்டுவந்து வைத்தாள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள், குறுக்கே போகிற ஊடை நூல் சுற்றி வைக்கிற குச்சி. கம்பு என்று எந்தப் போலீஸும் சொல்லமுடியாது. உங்கள் முகத்தைப் பார்க்காமல், "தறிதான் நிக்குதே. குச்சி சும்மாத்தான் கெடக்கு" என்றாள். உங்களுக்கு அது எங்கே குத்தியது என்று நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மைதானத்து வேப்பமரக் கிளையில் வளையம் தொங்கியது. இந்தப் பக்கம் நம் ஆண்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் லத்தியோடு போலீஸ். புதுக் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு போலீஸ்காரருக்கு அருகே, அண்ணன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். யாரோ ஓர் அதிகாரி குழாயை அடித்தார். தண்ணீர் வந்தது. யாரும் கைதட்டவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தேன்.

தார்க்குச்சிகள் டிக் டிக் என்று சின்னச் சத்தமாகத்தான் தட்டின. அந்தச் சத்தம் கேட்க வேண்டுமானால் கூட்டம் வாயை மூடவேண்டும். மூடியது. கயிறு பின்ன ஆரம்பித்தது. நூர்ஜஹானின் நீலம், செண்பகத்தின் அரக்கு, உங்கள் வெள்ளை. பாதிப் பின்னல் இறங்கின நேரம் அந்தப் பக்கத்துக் கூட்டம் விலகியது. செண்பகத்தின் புருஷன் மாவுக்கட்டோடு முன்னால் வந்து நின்றார். பின்னால் நாலைந்து இளவட்டங்கள்.

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அடுத்த நிமிஷம் உங்கள் கண் அண்ணனைத் தேடிப் போனது. அந்த ஓர் எட்டில், குனிய வேண்டிய தலை நிமிர்ந்தபடியே போய்விட்டது. மோதிவிடாமல் இருக்கச் செண்பகம் சட்டென்று தான் குனிந்து உங்கள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனாள். என் கணக்கில் அது உறைத்தது. ஆனால் வாய் பாடிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று நிறுத்தவில்லை. பின்னல் முடிந்து கைதட்டல்கூட வந்தது.

அவிழ்க்கத் திரும்பினீர்கள். கொஞ்ச தூரம் நன்றாக அவிழ்ந்து வந்த கயிறு திடீரென்று பிடித்துக்கொண்டது. வெள்ளையும் அரக்கும். வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளை முனகியது. எட்டுப் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

"கயித்துலயும் வம்பு பண்றாளுக பாரு" என்று அந்தப் பக்கம் ஒரு குரல். நம் பக்கத்தில் ஒருவன் தரையிலிருந்து எதையோ பொறுக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் இரண்டாவது அடியையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

நீங்கள் குனிந்தீர்கள். செண்பகத்தின் கயிற்றுக்கு அடியில், நன்றாக, முதுகு வளைய. அது வெறும் ஆட்டக் குனிவு இல்லை, மன்னிப்பு என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கயிற்றுக்குத்தான் தெரியவில்லை. முடிச்சு இன்னும் இறுகியது. பின்வாங்கி மறுபடியும் குனிந்தீர்கள். மறுபடியும் இறுகியது. உங்கள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அப்போதுதான் செண்பகம் பேசினாள். அதுவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "மதினி, நீங்க குனியாதீங்க. அன்னேரம் குனிஞ்சது நானு. நாந்தேன் வரணும்."

அவள் புருஷன், "ஏய் செண்பகம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போதுமானதாக இருந்தது. அடித்தவன் பெண்டாட்டிக்கு, அடிபட்டவன் பெண்டாட்டி, ஊர் பார்க்க, இரண்டாம் முறையாகக் குனிவதா? அவள் கயிற்றைப் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பிடியே விட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்றாள்.

நீங்கள் பின்னால் வந்து, உங்கள் கயிற்றைக் கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தீர்கள். அவள் நிதானமாகக் குனிந்தாள். அடியில் நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தாள். வெள்ளையும் அரக்கும் தனித்தனியாக விழுந்தன. நம் பக்கத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று மண்ணில் தொப்பென்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதை யாரும் எறியவில்லை, கை விட்டதுதான். இன்ஸ்பெக்டருக்கும் கேட்டிருக்கும். அவர் மறுபடி உட்கார்ந்தார். கடைசிக் கயிறு அவிழ்ந்து நேராகத் தொங்கும்வரை நான் பாடினேன்.

அத்தோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அன்றைக்குச் சமாதானப் பேச்சில் செண்பகத்தின் புருஷன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஜாமீன் தப்பியது. கேஸ் அப்படியே இருந்தது. மறுநாள் காலை செண்பகம் சந்து முள்ளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தாள். நான் அப்போது உங்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"ரெண்டு வாட்டி குனிஞ்சிருக்கேன். நீங்க ஒண்ணு செய்யணும் மதினி" என்றாள். "கேஸு அப்புறம். சேலைப் பாவு பாதியில நிக்குது. அண்ணன வந்து தறியில உக்காரச் சொல்லுங்க."

அண்ணன் தறிக் குடும்பத்தில் பிறந்தவர், நெய்யத் தெரிந்தவர்தான். ஆனால் முகம் கறுத்துவிட்டது. எதிர்த் தெருவுக்குப் போய், தான் கையை ஒடித்தவன் வீட்டில் உட்கார்ந்து நெய்வதா, ஊர் சிரிக்கும் என்றார். நீங்கள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சிரிக்கட்டும். ஜெயிலுக்குப் போனா அழுவாங்க. அது தேவலையா?" என்றீர்கள்.

போனார். பட்டறை வேலை முடிந்து தினமும் அந்தச் சந்து வழியே போனார். ஆரம்பத்தில் செண்பகத்தின் புருஷன் வாசலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்புறம் பொறுக்க முடியாமல், பலகை அடிக்கிற அடியா இது, பாவு நெகிழுது, கரை கோணுது என்று திட்ட ஆரம்பித்திருக்கிறார். அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அந்தத் திட்டுதான். அந்தச் சேலை நெய்து முடிந்து தறியிலிருந்து அறுபட்ட அன்றைக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போய், "கேஸு வேணாம் சார். இவன என் தறிய விட்டு எறக்கி விட்டாப் போதும்" என்றதை இன்ஸ்பெக்டர் நம் தெருவுக்கே வந்து சொல்லிச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. உள்ளே போய் முழங்கால் போட்டீர்கள். நான் வெளியே நின்று என் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் சண்டைகள் வந்தன. சில வருஷம் நாலைந்து தெருவிலிருந்து பெண்கள் வந்து ஆடினார்கள், சில வருஷம் வளையத்தை எடுக்கவே ஆளில்லை. உங்களுக்குத் தெரியாததா?

ரொம்ப வருஷம் கழித்து, நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, அன்றைக்கு நீங்கள் அப்படிக் குனிந்தும் கயிறு இறுகியதே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை என்றேன். நல்ல மனசோடு குனிந்தவளை அம்மன் ஏன் சோதித்தாள் என்று கேட்டேன். நீங்கள் மூச்சு வாங்கச் சொன்னீர்கள்: "அது நல்ல மனசு இல்ல புள்ள. பயம். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு எனக்காகக் குனிஞ்சேன். அவ குனிய வேண்டிய எடத்த நான் அடைச்சுக்கிட்டு நின்னேன்."

அதை நான் மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் யார் முகம் வாடினாலும், தப்பு யாருடையது என்று பார்க்காமல் நானே ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகப் பேசிவிடுவேன். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகளுக்கும் எனக்கும் போன வாரம் ஒரு பேச்சு வந்துவிட்டது. என் பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவள் என்னைக் கடிந்து சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போல நானே போய், போகட்டும் தாயி, என் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட அடுக்களைக்குள் நுழைந்தேன். வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது நீங்கள் சொன்னது நினைவு வர, வாயை மூடிக்கொண்டேன். திரும்பியும் போகவில்லை. அவள் கழுவிப் போட்டதை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அது எம்புட்டுக் கஷ்டம் என்று உங்களுக்குத்தான் சொல்ல முடியும் மதினி.

துடைக்கப் பாத்திரம் தீர்ந்துவிட்டது. துடைத்ததையே எடுத்து மறுபடி துடைத்தேன். அவள் குழாயை மூடினாள். என் பக்கம் திரும்பாமலே, "அத்தே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

என் மேல்தான் தப்பு என்று நான் முந்திக்கொள்ளவில்லை. அவள் வருவதற்கு இடம் விட்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.